இதர காரணங்கள்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. பெருமைப்படும்படியான பிறப்பு அல்ல. ஆனாலும் அதுதான்.

என் கைபேசி எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தேன். பழைய நிறுவனம் கூப்பிட்டது. பதிவு செய்யப்பட்ட பெண் குரல். எங்களை விட்டு ஏன் விலகினீர்கள்? கட்டணம் அதிகம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும். சிக்னல் சரியில்லை என்றால் இரண்டு. எங்கள் ஊழியர்கள் நடந்துகொண்ட விதம் என்றால் மூன்று. இதர காரணங்கள் என்றால் நான்கு.

நான்கை அழுத்தினேன். அடுத்து என்ன காரணம் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டேன்.

“உங்கள் கருத்துக்கு நன்றி” என்றது குரல். தொடர்பு அறுந்தது.

என் காரணம் சுவையானதல்ல, அதைச் சொல்லப்போவதில்லை. ஆனால் திறந்த வாய் சற்று நேரம் அப்படியே இருந்தது. மனிதர்கள் ஒரு கடையை, ஒரு டாக்டரை, ஒரு பஸ்ஸை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒன்று, இரண்டு, மூன்றில் ஏதாவது ஒன்றைச் சொல்கிறார்கள். கேட்டவருக்கும் அது போதுமாக இருக்கிறது. நான்கில் இருப்பவர்களை யாரும் மேலே கேட்பதில்லை.

நான்கில் இருக்கும் ஒருத்தியை எழுதலாம் என்று நினைத்தேன். அவள் எந்தக் கடையை விட்டுப் போனாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

பனி இன்னும் விலகாத ஏற்காட்டின் அந்தக் காலையில், ஹலீமா தன் மாவு மில்லின் கதவைத் திறந்தபோது

[இல்லை. ஏற்காட்டைப் பற்றி எழுதப்படும் எல்லாக் கதைகளிலும் முதல் வரியில் பனி விலகாமல் நிற்கிறது. நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். பெரும்பாலான காலைகளில் வெயில் அடிக்கிறது.]

அமீர் ஜானின் மனைவி ஹலீமா பொய் சொல்லாதவள் என்று கடைத்தெருவில்

[பின்னால் உதவும். முதலில் வேண்டாம்.]

வாடிக்கையாளர் என்பவர் யார்? அவர் ஏன்

[கட்டுரை.]

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். ஏற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு மாவு மில் இருந்தது. அதை நடத்தியவள் ஹலீமா. வருடம், இரண்டாயிரத்துக்குச் சற்று முன். கைபேசிக் கோபுரம் மலையேறாத காலம்.* சேலத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவர் அமீர் ஜானுக்கு இரண்டு கடை தள்ளிப் பாத்திர வியாபாரம். மில் அவருடைய தகப்பனார் வைத்தது. ஆனால் கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து அதன் சாவி ஹலீமாவின் இடுப்பில் இருந்தது.

* இப்படி ஒரு மில் கடைத்தெருவில் எங்கே என்று தேட வேண்டாம். நான் கட்டியது.

3

பழைய மெஷின் ஒன்று. மெதுவானது. சற்று ஓடினால் சூடாகிவிடும். நிறுத்தி ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் மாவு கருகும். அதிலேதான் எல்லாம் அரைக்க வேண்டும். மிளகாய் மட்டும் கடைசி. மிளகாய் அரைத்த மெஷினில் கேழ்வரகு போட்டால் அன்றைக்குக் களி தின்பவன் கண்ணீர் விடுவான். கல்லைக் கழற்றித் துடைத்து, தவிடு ஓட்டி, பிறகுதான் தானியம். அதற்கு ஒரு மணி நேரம் போய்விடும். எனவே சந்தை நாட்களில் பெண்கள் பைகளை வரிசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். பாதி நாள் அதிலேயே கழியும்.

ஹலீமாவுக்கு அது அவமானமாக இருந்தது. மலையிறங்கியும் ஏறியும் வருகிறார்கள், அவர்களைத் தரையில் உட்கார வைக்கிறோம் என்று வருந்தினாள். வளையலை விற்றுக் கோயம்புத்தூரிலிருந்து புது மெஷின் வாங்கினாள். புதியது தானியத்துக்கு, பழையது மிளகாய்க்கு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்தாள். பைகள் மாறிப்போகாமலிருக்க எண் போட்ட தகர வில்லைகள். ஒன்று பையில், ஒன்று கையில். இதற்கு ஒரு காரணம் இருந்தது. கிளியூர் குப்பாயிக்கு அடிக்கடி பை மாறியது. தன் பையை விட்டுவிட்டு வெள்ளக்கடை கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு முறை ஹலீமா பஸ் நிலையம் வரை ஓடிப் பிடித்து, சரியான பையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“உங்களுது கனமான பைங்க. இந்த லேசான பைய எடுத்துட்டு வந்துட்டீங்க. பாக்கறதில்லீங்களா?”

குப்பாயி கனமான பையை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. ஹலீமா அதை மறந்துவிட்டாள். நீங்கள் மறக்க வேண்டாம்.

புது மெஷின் வந்த முதல் சந்தை நாளில் குப்பாயி கேழ்வரகுப் பையோடு வந்தாள். எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

“பாயம்மா, எவ்ளோ நேரமாகுங்க?”

“நேரமா? நீங்க முந்தானைய ஒதறிக் கட்டறதுக்குள்ள முடிஞ்சுரும்.”

அப்படியே முடிந்தது. குப்பாயி சூடான மாவுப் பையை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“இன்னும் ஏதாச்சும் வேணுமுங்களா?”

“இல்லீங்க” என்றாள். போனாள்.

(குப்பாயியைப் பற்றி: முதல் வரைவில் அவளைக் கிழவியாக்கி, இருமலும் கொடுத்திருந்தேன். கதைகளில் மலைக்காரிகளுக்கு எப்படியோ வயதாகிவிடுகிறது. அடித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று எழுதினேன். இருமல் தானாகப் போய்விட்டது.)

4

அடுத்த சந்தைக்குக் குப்பாயி வரவில்லை. பிறகு இன்னும் சிலர் வரவில்லை. எல்லாரும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஞானசுந்தரத்தின் மில்லுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே இருப்பது ஹலீமாவின் பழைய மெஷினைவிடப் பழைய மெஷின்.

“கூலி கம்மி பண்ணிட்டானா?” என்று கேட்டார் அமீர் ஜான்.

“இல்லீங்க. நம்ம கூலிதான்.”

“மாவு நைசா வருதா?”

“அவரு மாவ நான் பாத்திருக்கேன். கோழி தின்னாத் தொண்டைல சிக்கும்.”

“நீ யாரையாச்சும் வெடுக்குன்னு பேசியிருப்ப.”

“உங்களத் தவுர யாரையும் பேசலீங்க.”

அமீர் ஜான் சிரித்தார். பிறகு, சிரிக்காமல், டூரிஸ்டுகளுக்கு மிளகும் காபித்தூளும் விற்கும் ஒருவர் இந்த இடத்தை வாடகைக்குக் கேட்பதைச் சொன்னார். மெஷினையும் ஒருவர் கேட்கிறார். சும்மா கிடக்கும் மெஷின் துருப்பிடிக்கும்.

“பொங்கல் வரைக்கும் பாருங்க.”

“பாக்கலாம். நீயும் கொஞ்சம் பாரு. ஞானசுந்தரம் கல்லு தேஞ்சு மாவுல மணல் உழுவுதுன்னு நாலு பேரு காதுல போட்டா என்ன?”

“உழுவுதா?”

“உழுந்தா என்ன, உழாட்டி என்ன?”

“பொய் சொல்லி வார கேவுரு எனக்கு வேண்டாமுங்க” என்றாள் ஹலீமா.

[இப்போது நிலைமை தெளிவாக இருக்க வேண்டும். ஹலீமாவுக்கு இருப்பது மில். கடைத்தெருவில் அவள் யாருடைய மனைவியாகவும் இல்லாமல் உட்காரும் ஒரே இடம். அது பொங்கலோடு போய்விடலாம். யாருக்கும் அவள் தீங்கு செய்யவில்லை. ஏன் என்று தெரியாமல் அதை இழக்க அவளுக்கு மனமில்லை.]

5

இங்கே மாட்டிக்கொண்டேன். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

கட்டணம் இல்லை. தரம் இல்லை. நடந்துகொண்ட விதமும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது. ஹலீமா ஒரு கணம் வேறொன்றை நினைத்தாள்: நாம் துலுக்கர் என்பதாலா? நானும் நினைத்தேன். அது காரணமாக இருந்திருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும், சிலர் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் இந்தப் பெண்கள் அவளிடம் பல வருடம் மாவு அரைத்தவர்கள். நோன்புப் பெருநாளுக்கு அவள் கொடுத்த வட்டிலப்பத்தைச் சுவரோரம் உட்கார்ந்து தின்று, இன்னும் கொஞ்சம் கேட்டவர்கள். நேற்றுவரை இல்லாதது இன்று புது மெஷினோடு வந்திறங்காது. அடித்துவிட்டேன்.

இரண்டு நாள் எழுதவில்லை.

மூன்றாம் நாள், எனக்குத் தெரியாததை ஹலீமாவையே பார்த்துவரச் சொல்லி அனுப்பினேன். ஒரு சந்தை நாள் மில்லைப் பூட்டினாள். பையில் கோதுமையை அள்ளிக்கொண்டாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, போட்டி மில்லின் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

6

முக்காடு உதவவில்லை.

“ஏனுங்க பாயம்மா” என்றாள் ராசம்மாள். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவள், வாய் நிற்காது. “உங்கூட்டு மெஷினு எங்க போச்சு? நடந்தே கோயமுத்தூருக்குத் திரும்பிப் போயிருச்சா?”

சுவரோரம் சிரிப்பு ஓடியது.

“இருக்குதுங்க” என்றாள் ஹலீமா. “நீங்கெல்லாம் ஏன் இங்க வாரீங்கன்னு பாக்க வந்தேன்.”

சிரிப்பு இன்னும் பெரிதானது. உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ராசம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மெஷின் ஓடியது, நின்றது, ஆறியது. குப்பாயி நான்கு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளக்கடைப் பெண், ராசாத்தி. (ராசாத்தி முதல் வரைவில் இல்லை. ஹலீமா உள்ளே போனபோது ஏற்கெனவே அங்கே இருந்தாள்.) இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாப்புட்டியா?” என்றாள் குப்பாயி, மெஷினிடம்.

“ம்.”

“என்ன?”

“களி.”

“தொட்டுக்க?”

“உங்க மருமவன் மொறைச்சாரு. அதத் தொட்டுக்கிட்டேன்.”

குப்பாயியின் தோள் குலுங்கியது. முகம் திரும்பவில்லை.

“கால் வீங்குதா?”

“பொழுது சாஞ்சா வீங்குது.”

“உப்பக் கொறைச்சுக்க, கண்ணு. நொம்ப நேரம் நிக்காத.”

ஹலீமா அப்போதுதான் ராசாத்தியின் வயிற்றைப் பார்த்தாள். ஐந்து மாதம் இருக்கலாம்.

“ஆத்தாளும் மவளுமா?” என்று ராசம்மாளிடம் மெல்லக் கேட்டாள்.

“இத்தன வருசம் உங்க மில்லுலதான ஒக்காந்திருந்தாங்க, தெரியலீங்களா?” ராசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “ஒரு மாடு காப்பிக்காட்டுல எறங்கிப்போச்சு. அதுல சண்டை. ரெண்டு ஊட்டு ஆம்பளைகளும் கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாங்க. ஊட்டுல, காட்டுல, ரோட்டுல, கோயில்ல, எங்கயும் ரெண்டு ஊட்டு ஆளுகளும் நின்னு பேசப்படாதுன்னு. பொம்பளைகளுக்கும் சேத்துத்தான்.”

“மில்லுல?”

“மில்லு நெனப்பு அவங்களுக்கு எங்கிருந்து வரும்? ஆம்பளைங்க என்னிக்கு மாவரைக்க வந்தாங்க?”

“அப்ப மில்லுல பேசலாமா?”

“பேசோணும்னு வந்தாக் குத்தமுங்க. வரிசைல ஒக்காந்தா அது வரிசை. அவங்களா ஒக்காந்தாங்க? மெஷினு ஒக்கார வெக்குது.”

குப்பாயியின் முறை வந்தது. அடுத்தது ராசாத்தி. இரண்டு பைகளும் அரைபட்டு வந்தன. ஒன்று கனம், ஒன்று லேசு. குப்பாயி லேசான பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். கனமான பை ராசாத்தியின் காலடியில் இருந்தது.

பஸ் நிலையம் வரை ஓடியது ஹலீமாவுக்கு நினைவு வந்தது. அவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஞானசுந்தரம் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பாயம்மாவே நம்ம மில்லுக்கு வந்திருக்காங்க. ஆனா ஒண்ணு. நாமளும் பின்தங்கப்படாது. பொங்கல் கழிஞ்சு எனக்கும் புது மெஷினு வருது, உங்களுத விடப் பெருசு. அப்பறம் யாரும் இங்க ஒக்காந்து இடுப்பொடிய வேண்டியதில்ல.”

சுவரோரம் இருந்தவர்கள் பழைய மெஷினையே பார்த்தார்கள். அவர் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

7

அந்தச் சத்தியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை ஏமாற்று என்று படிக்கக்கூடாது. குப்பாயி சத்தியத்தை மதிக்கிறாள். கற்பூரத்தை அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று உண்மையாகவே நம்புகிறாள். வேலியை மதிக்கிறவள்தான் வேலி எங்கே முடிகிறது என்று அவ்வளவு கவனமாகப் பார்ப்பாள்.

மற்றப் பெண்கள் ஏன் போனார்கள்? எனக்குத் தெரியாது. அதையும் கண்டுபிடித்துச் சொல்லலாம். சொன்னால் இது கணக்கெடுப்பு ஆகிவிடும். ஒருத்தியின் காரணம் தெரிந்தால் போதும்.

ஞானசுந்தரத்துக்கும் எதுவும் தெரியாது. ஆட்கள் தன்னிடம் ஏன் வந்தார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. வருகிறவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் புது மெஷினுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

8

முடிவு ஒன்று. ஹலீமா மில்லில் இரண்டு நாற்காலி போடுகிறாள். ஒரு மின்விசிறியும். குப்பாயியைக் கூப்பிட்டனுப்பி, “எவ்ளோ நேரம் வேணுமுன்னாலும் ஒக்காந்து பேசுங்க, யாரும் கேக்க மாட்டாங்க” என்கிறாள். குப்பாயி நாற்காலியைப் பார்க்கிறாள். “நீங்க நொம்ப நல்லவங்க பாயம்மா” என்கிறாள். பிறகு வருவதே இல்லை.

இதை எழுதி முடித்தபோது நாற்காலியின் மேல் எனக்கே கோபம் வந்தது. அதில் உட்கார்ந்தால் அது பேசுவதற்காக உட்கார்ந்தது. வரிசையை மட்டும்தான் மன்னிக்க முடியும்.

முடிவு இரண்டு. சந்தை நாட்களில் ‘மெஷின் ரிப்பேர்’ என்று ஒரு அட்டை. பழைய மெஷினில் மெதுவாக அரைக்கலாம். எனக்குப் பிடித்திருந்தது. ஹலீமாவிடம் அட்டையைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. பொய் சொல்லாதவள் என்று நான்காம் பகுதியில் நானே எழுதிவிட்டேன். இப்போது போய் அதை மாற்றலாம். நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

முடிவு மூன்று. அமீர் ஜான் வெள்ளக்கடைக்கும் கிளியூருக்கும் போய், இரு வீட்டு ஆண்களையும் கூட்டி வைத்துப் பேசி

[அமீர் ஜான் பாத்திர வியாபாரி. அவரிடம் இதை ஏன் கேட்க வேண்டும்?]

9

பொங்கல் கழிந்தது. ஞானசுந்தரத்தின் மெஷின் வந்திறங்கியது. சொன்னபடி பெரியது.

அடுத்த சந்தை நாள். ஹலீமாவின் மில்லில் யாரும் இல்லை. அமீர் ஜான் உள்ளே டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருக்கிறார். காபித்தூள் கடைக்காரருக்கு அலமாரி அளவு வேண்டுமாம். அவர் சத்தமில்லாமல் அளக்கிறார். அதுவும் ஒரு மரியாதைதான்.

வாசலில் நிழல் விழுகிறது. குப்பாயி. இடுப்பில் கேழ்வரகுப் பை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ராசாத்தி நிற்கிறாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல. அந்த இடத்தில் எந்த பஸ்ஸும் நிற்காது. வயிறு நன்றாகத் தெரிகிறது. அவள் கையிலும் ஒரு பை.

மலையில் இனி தானியத்துக்கு மெதுவான மெஷின் கிடையாது. இருந்தாலும் குப்பாயி கேட்கிறாள்.

“பாயம்மா, எவ்ளோ நேரமாகுங்க?”

ஹலீமா புது மெஷினைப் பார்க்கிறாள். துடைத்து வைத்திருக்கிறது. வரிசையில் ஒரு பைகூட இல்லை. உண்மையான பதில் அவளுக்குத் தெரியும். முந்தானையை உதறிக் கட்டும் நேரம். வேறு எதையும் அவளால் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவளாக அவளை எழுதியதற்காக இப்போது வருந்துகிறேன்.

ஆகவே நான் ஒன்று செய்தேன். அவள் காலடியில் ஒரு கூடை மிளகாய் வைத்தேன். காய்ந்த, சிவந்த மிளகாய், அவள் வீட்டுக்கு அரைக்க வேண்டியது. பழைய மெஷினுக்குப் போக வேண்டிய கூடை புது மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு கை மிளகாய் புது மெஷினின் வாய்க்குள் விழுந்தால், கல்லைக் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், தவிடு ஓட்ட வேண்டும். ஒரு மணி நேரம். பொய்யில்லாத ஒரு மணி நேரம்.

ஆனால் சில விஷயங்கள் எனக்குத் தெரியாது. வளையலை விற்று வாங்கிய மெஷினில் அவள் தன் கையாலேயே மிளகாயைக் கொட்டுவாளா? கையில் டேப்போடு திரும்பும் அமீர் ஜான் அதைப் பார்த்து என்ன சொல்வார்? அதைவிடப் பெரியது: குப்பாயியின் கண் முன்னால் கொட்டினால், அதற்குப் பிறகு வருவது வரிசையா, சந்திப்பா? அந்தச் சத்தியம் செய்த ஆண்களிடம் கேட்டாலும் பதில் இருக்காது. அவர்கள் மாவு அரைக்க வந்ததில்லை.

கூடையை வைத்ததோடு என் வேலை முடிந்தது. அதை எடுப்பதும் விடுவதும் உங்களிடம். எண் எதையும் அழுத்த வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யோசித்துச் செய்யுங்கள், அவசரமில்லை. நீங்கள் முடிவெடுக்கும் வரை ஹலீமா பதில் சொல்ல முடியாது. ஹலீமா பதில் சொல்லும் வரை குப்பாயி வாசலில் நின்றுதான் ஆக வேண்டும். அவளாக நிற்கவில்லை.

ராசாத்தி ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்கிறாள். கடந்து வருகிறாள். தாயின் பின்னால், ஒரு கை தள்ளி, பையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள்.

குப்பாயி திரும்பவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்.

“சாப்புட்டியா?”